மானிடவியல் படித்தேன், வடசென்னையில் வேலை பார்க்கிறேன்

எண்ணூர் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் 2015-ல் நான் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்டுக்காரர் என்ன தொழில் பண்றார்?" என்பது. அவர் வாயில் ஓலைப் பை இருந்தது. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, அகப்பட்ட இறாலை அதற்குள் போட்டுக்கொண்டே போவார்கள், அதனால் பதில் சொல்ல முடியாது. கரையேறிய பிறகுதான் பையை இறக்கி வைத்துவிட்டு, "கொத்து வேலைக்குப் போவாரு, வேல இருந்தா. ஏம்மா, இன்னா எழுதிக்கினு கீற?" என்றார். நான் கையிலிருந்த ஃபார்மில், குடும்பத் தலைவர் தொழில் என்ற இடத்தில் 'கட்டடக் கூலி' என்று எழுதினேன். அடுத்த வரிசை மனைவிக்கு. அச்சடித்தே வந்திருந்த நான்கு பதில்கள்: சம்பளம், கூலி, சுயதொழில், இல்லத்தரசி. நான்காவதில் டிக் அடித்தேன். பை நிறைய இறால் அவர் காலடியில் துள்ளிக்கொண்டிருந்தது.

இந்த ஒரு டிக்கைப் பற்றி நான் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மானிடவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் பேசுகிறார்கள், பெரும்பாலும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள், தண்டையார்பேட்டை, எர்ணாவூர், கொடுங்கையூர் பக்கம் இருப்பவர்கள். ஃபோனில் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எனக்கு நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன், இதில் உங்களுக்கு எது உபயோகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை. நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு 2007-ல் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. மானிடவியல் சேர்ந்தேன். காலையில் தண்டையார்பேட்டையில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷன், அங்கிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம். தெருவில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அது இன்னா படிப்பு, எலும்ப வெச்சிப் படிக்கிறதா?" ஓரளவு அதுவும்தான். உடல்சார் மானிடவியல், தொல்லியல், மொழி, சமூகப் பண்பாட்டு மானிடவியல் என்று நான்கு கிளை, நாங்கள் நான்கையும் தொட்டோம். என்னைப் பிடித்துக்கொண்டது கடைசி ஒன்று. ஒரு ஊரில் போய் இருந்து, அந்த மக்கள் செய்வதைக் கூடவே பார்த்து, அவர்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்வது.

முதல் வருஷம் எங்களை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். ரங்காச்சாரி என்பவரோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி எழுதினார், 1909-ல் வெளிவந்தது. இன்றைக்கும் எல்லோரும் அதைப் புரட்டுகிறார்கள். அந்த மனிதர் மக்களை நிறுத்தி மூக்கையும் மண்டையையும் அளவுகோல் வைத்து அளந்தவர். அந்தக் காலத்தில்தான் சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியலிட்ட குற்றப் பரம்பரைச் சட்டமும் இருந்தது, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் படிப்புக்கு இப்படி ஒரு முன்கதை இருப்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வியாசர்பாடியில் யாராவது ஒரு பெரியவர் "எங்கள எண்ணிட்டுப் போயி இன்னா செய்யப் போறீங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் கேட்பது நியாயம்.

சரி, பல்கலைக்கழக வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதலாம், அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி. செய்யலாம், 2023-லிருந்து அந்த உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000. உதவித்தொகை கிடைத்தால் தைரியமாகப் போங்கள். எனக்கு நெட் மட்டும் கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை, நான் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பதிவு செய்து எட்டு வருஷம் இழுத்தேன். முடித்த பிறகு ஆசிரியர் வேலை எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால், தமிழ்நாட்டில் மானிடவியலுக்குத் தனித்துறை வைத்திருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாண்டிச்சேரி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்கள் வரை மனதை விரித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வட்டிக்குக் கடன் வாங்கி, ஊக்கத்தொகை இல்லாமல் முழுநேர பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதில் என் மனது மாறவே இல்லை.

அரசு வழியில் இந்திய மானிடவியல் ஆய்வகம் இருக்கிறது, 1945-ல் தொடங்கியது, தலைமையிடம் கொல்கத்தா, தென்மண்டல மையம் மைசூரு. இடங்கள் எப்போதாவதுதான் வரும், அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊட்டி பக்கம் முத்தோரை பாலாடாவில் மாநிலப் பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் உண்டு. அருங்காட்சியகப் பணிகள் உண்டு. சிவில் சர்வீஸ் தேர்வில் மானிடவியல் விருப்பப்பாடம், இரண்டு தாள், தாளுக்கு 250 மதிப்பெண், அதை எழுதுகிறவர்கள் நிறைய என்பதால் அதைச் சொல்லிக்கொடுத்தே பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னுடன் படித்த ஒரு பெண் அண்ணா நகரில் அதைத்தான் செய்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள்.

மற்ற வேலையெல்லாம் வேறு பெயரில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று வருஷம் ஆனது. வேலை தேடும் தளங்களில் 'ஆந்த்ரோபாலஜிஸ்ட்' என்று போட்டால் ஒன்றும் வராது. சோஷியல் சேஃப்கார்ட்ஸ் (திட்டங்களால் மக்களுக்குப் பாதிப்பு வராமல் பார்ப்பது), ரீசெட்டில்மென்ட் ஸ்பெஷலிஸ்ட் (மறுகுடியமர்வு), மானிட்டரிங் அண்ட் இவால்யுவேஷன் (திட்டம் பலன் தருகிறதா என்று பார்ப்பது), குவாலிடேட்டிவ் ரிசர்ச் அசோசியேட், கம்யூனிட்டி என்கேஜ்மென்ட், யூஎக்ஸ் ரிசர்ச்சர் (ஆப் மாதிரியானவற்றை ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பவர்) என்று தேடிப் பாருங்கள். 2013 கம்பெனிகள் சட்டத்துக்குப் பிறகு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவு செய்ய வேண்டும் என்றாகிவிட்டதால் அந்தப் பக்கமும் ஆள் எடுக்கிறார்கள்.

இப்போது அந்த டிக்குக்குத் திரும்பி வருகிறேன்.

2015-ல் ஒரு கன்சல்டன்சி கம்பெனி, ஆற்றோரம் வரப்போகும் ஒரு திட்டத்துக்குச் சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது அங்கே இருக்கும் மக்களுக்கு அதனால் என்ன பாதிப்பு வரும் என்ற கணக்கு, செய்ய ஆள் எடுத்தது. எனக்குத் தினக்கூலிக் கணக்கில் ஃபீல்டு வேலை. இந்த மாதிரி மதிப்பீடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் உங்கள் வேலைக்கு என்ன மதிப்பு என்று புரியும். 2013 நில எடுப்புச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது, ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், அறிக்கையை உள்ளூர் மொழியில் வெளியிட வேண்டும், மக்கள் முன்னால் விசாரணை வைக்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் தொழில் நோக்கத்துக்கு 1997-லும் நெடுஞ்சாலைக்கு 2001-லும் வந்த மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன, அவற்றின் கீழ் நிலம் எடுத்தால் இந்த மதிப்பீடு தேவைப்படாது. மற்றொரு பக்கம் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி மாதிரி கடன் கொடுக்கிறவர்கள் தங்கள் விதிப்படி மதிப்பீடு கேட்பார்கள். எங்கள் வேலை அப்படி, கடன் கொடுத்தவர்களின் விதியில் வந்தது.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஃபார்ம்களைச் சரிபார்த்தேன். ஆற்றோரக் குடியிருப்பில் நான் பார்த்த வீடுகளில் எல்லாப் பெண்களும் இல்லத்தரசி. பாதிக்கு மேல் பகலில் நான் தண்ணீருக்குள் பார்த்த அதே பெண்கள். படகு இருக்கிறதா, வலை இருக்கிறதா, எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்றெல்லாம் ஃபார்மில் கேட்டிருந்தார்கள். கையால் பிடிக்கிறவருக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. அவருக்கு இருப்பதெல்லாம் எந்த இடத்தில் சேறு மிருதுவாக இருக்கும், எந்த வத்தத்தில், அதாவது தண்ணீர் வற்றும் எந்த நேரத்தில், இறங்க வேண்டும் என்ற அறிவும் அந்த ஓலைப் பையும். இந்தக் கணக்கு அப்படியே மேலே போனால் ஆறு மூடப்படும்போது அவர் எதையும் இழக்கவில்லை என்று ஆகிவிடும்.

2013 சட்டத்தை எடுத்துப் படித்தேன். பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் யார் என்று அதில் விளக்கம் இருக்கிறது: மூன்று வருஷமாகக் காட்டையோ நீர்நிலையையோ நம்பிப் பிழைப்பவர்கள், மீனவர்கள், படகுக்காரர்கள், நிலம் சொந்தமாக இல்லாவிட்டாலும் அதில் வருவார்கள். எங்கள் திட்டம் அந்தச் சட்டத்தின் கீழ் இல்லைதான். ஆனாலும் அடுத்த நாள் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போய், நாட்டின் சட்டமே இவர்களைக் கணக்கில் எடுக்கச் சொல்லும்போது நம் ஃபார்ம் எப்படி விடலாம் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், ஆனால் ஃபார்ம் ஏற்கெனவே ஒப்புதல் வாங்கியது, மாற்றினால் தேதி தள்ளிப்போகும் என்றார். கடைசியில் ஒரு துணைத்தாள் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். நான்கு நாள் நான் மறுபடி வீடு வீடாகப் போனேன், அந்த நான்கு நாளுக்குக் கூலி வரவில்லை. அறிக்கையில் அது இணைப்பாகத்தான் போனது, முன்பக்கச் சுருக்கத்தில் இல்லை. எனக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அந்த இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எழுந்து, "இதுல எங்க தொழில் எழுதியிருக்குது, படிச்சிக் காட்டுங்க" என்றார். அப்படிச் சொல்ல ஒரு தாளாவது இருந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று. எந்த ஃபார்மைக் கையில் கொடுத்தாலும் வேலை தொடங்கும் முன் ஒரு நாள் சும்மா அந்த இடத்தில் இருந்து, கண்ணால் பார்ப்பதில் எதற்கு இந்தத் தாளில் இடமில்லை என்று குறித்துக்கொள்வேன். அந்த ஒரு நாளை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குவேன். சம்பளத்தோடு. ஃபார்ம் அச்சாவதற்கு முன்னால் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள், அச்சான பிறகு நீங்கள் தொல்லை.

2018-ல் புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் காசநோய் வேலை. ஒரு தொண்டு நிறுவனத்தில் எட்டு மாத ஒப்பந்தம். ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரையை ஆண்கள் ஏன் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பணியாளர்களிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் தயார்: குடி. குடியும் காரணம்தான், உடம்பு தேறிவிட்டது என்று நினைப்பதும் காரணம், விடியற்காலையில் லோடு ஏற்றப் போகிறவருக்கு மையம் திறக்கும் நேரம் ஒத்துவராததும் காரணம். ஆனால் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒருவர் வீட்டுக்கு நாலைந்து தடவை போய், அவர் அம்மா கொடுத்த டீயைக் குடித்து, ஐந்தாவது தடவை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருதுக்கா. பொதுக் கக்கூஸ், பின்னாடி வர்றவன் பார்த்துட்டுக் கேக்கறான்." ரிஃபாம்பிசின் மாத்திரை சிறுநீரை ஆரஞ்சு சிவப்பாக்கும், அதனால் ஆபத்து எதுவும் இல்லை. மருந்து கொடுத்தவருக்கு அது சர்வசாதாரணம் என்பதால் சொல்ல விட்டுப்போயிருக்கிறது. இவருக்கு அது, உடம்பு உள்ளே கிழிந்துபோய்விட்டது என்ற பயம், கூடவே மாடி முழுக்க விஷயம் தெரிந்துவிடும் என்ற பயம்.

நான் எழுதிக்கொடுத்தது ஒரே பக்கம். முதல் நாளே, மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே, நிறம் மாறும் என்று சொல்லுங்கள், படம் போட்டு உள்ளங்கை அளவில் ஒரு அட்டை கொடுங்கள். அச்சடித்தார்கள். இதற்கு முன் இதே ப்ராஜெக்டில் நான் எழுதிய 60 பக்க அறிக்கையை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. நாம் படிக்கும்போது நீளமாக எழுதப் பழகுகிறோம், கோட்பாடு, முன்னோர் சொன்னது, பிறகு களம், கடைசியில் முடிவு. வேலையில் முடிவை முதல் வரியில் வையுங்கள். யார், என்ன செய்ய வேண்டும், எப்போது. அப்புறம் அதற்குக் காரணமாக நீங்கள் பார்த்த ஒரு காட்சி. மீதி எல்லாம் பின்னிணைப்பு.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், ஏழை நோயாளிகளை சானடோரியத்தில் படுக்க வைப்பதையும் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தது, வீட்டிலேயே குணமாக்கலாம் என்று 1959-ல் எழுதியது, உலகம் முழுக்க வைத்தியமுறை மாறியது. அந்த நோயாளிகள் நம் ஊர்க்காரர்கள். 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வந்தபோது, இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் முறையை மக்கள் விட மாட்டார்கள், அவர்களோடு பேசி மரியாதையும் பாதுகாப்பும் சேர்ந்த ஒரு முறையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல மானிடவியலாளர்கள் தேவைப்பட்டார்கள். இன்டர்வியூவில் "உங்க படிப்பு எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டால் நான் இந்த இரண்டையும் சொல்லிவிட்டு அட்டைக் கதையைச் சொல்வேன்.

அடுத்து சொல்லப்போகும் வேலை, ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆரில். பணப் பரிமாற்ற ஆப் செய்யும் ஒரு கம்பெனி, மீன் விற்கும் பெண்கள் ஏன் கியூஆர் கோடு வைத்துக்கொள்ள மறுக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னது. டெக்னாலஜி கம்பெனிகள் நம்மைக் கூப்பிடுவது புதிதில்லை, அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி மையத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர் 1980-களிலேயே ஜனங்கள் ஜெராக்ஸ் மெஷினோடு படும் பாட்டை உட்கார்ந்து கவனித்தார், இன்டெல் 1998-ல் ஜெனிவீவ் பெல்லை வேலைக்கு எடுத்தது. சென்னையிலும் இப்போது இந்த வேலை இருக்கிறது, சம்பளம் நான் அதுவரை வாங்கியதைப் போல மூன்று மடங்கு.

கம்பெனியில் எல்லோரும் நினைத்தது அந்தப் பெண்களுக்கு ஃபோன் தெரியவில்லை என்று. நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நின்றேன். ஈரக் கையில் தொடுதிரை வேலை செய்யாது, அது முதல் நாளே தெரிந்தது, ஃபோனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் ஃபோனில் பேரனுக்கு வீடியோ கால் போடுகிறார்கள், ரீசார்ஜ் செய்கிறார்கள். மூன்றாவது வாரம் ஒரு அம்மா கூடையை மூடிவிட்டு இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து எனக்குக் காட்டினார். "இதுல இருக்கறது என் காசு. அந்த அட்டையில போட்டா என் புள்ள கணக்குக்குப் போவும். அப்புறம் ஏலத்துக்குக் காசு வேணும்னா அவன்கிட்ட நான் கேட்டு நிக்கணும்." கணக்கு மகன் பெயரில், ஃபோன் நம்பர் மகனுடையது, கோடு ஒட்டிக்கொடுத்த பையன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரையை எவ்வளவு எளிமையாக்கினாலும் இது தீராது. அவர் பெயரில் கணக்கு, அவர் நம்பர், பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் பெட்டி என்று எழுதிக்கொடுத்தேன். முதல் இரண்டுக்குக் கம்பெனி முழுதாக இறங்கவில்லை, பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டது. தனியார் வேலையில் இப்படித்தான், நீங்கள் சொன்னதில் அவர்களுக்கு லாபமானது முதலில் போகும். நான் ஒன்றரை வருஷம் இருந்து கடனை அடைத்துவிட்டு வெளியே வந்தேன். அங்கே கற்றதை, முக்கியமாக பத்து ஸ்லைடில் ஒரு விஷயத்தைப் புரிய வைப்பதை, நான் வேறெங்கும் கற்றிருக்க முடியாது.

இனி சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கஷ்டமானது, ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் சரியாக இருக்காது.

2011-ல், நான் வேலைக்குப் புதிது, ஒரு அலுவலகத்துக்காகக் குடியிருப்பு ஒன்றைப் பற்றி எழுதினேன். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்தேன். 'பள்ளிக்கூடத்துக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருக்கும், மூன்று பெண் குழந்தைகளின் தாய், வேறொருவர் பெயரில் ஒதுக்கப்பட்ட வீட்டில் உள்வாடகைக்கு இருக்கிறார்' என்று எழுதினேன். அந்தத் தெருவில் அப்படி இருந்தவர் ஒரே ஒருவர்தான். ஒரு மாதத்துக்குள் அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள், அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு கொருக்குப்பேட்டையில் ஒரு அறைக்குப் போக வேண்டி வந்தது. இட்லிக்கடை போயிற்று. நான் தேடிப் போனபோது அவர் கத்தவில்லை. "உன்ன நம்ம வீட்டுப் பொண்ணுன்னு நெனச்சி சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வெளியூரிலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிறவர் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார். நான் அந்த அக்காவை மார்க்கெட்டில் பார்ப்பேன். இரண்டு வருஷம் அவர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், அது எனக்குச் சேர வேண்டியதுதான். இப்போது பேசுகிறார், ஆனால் பழையபடி இல்லை, நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்வது: பெயரை மட்டும் மாற்றுவதில்லை, தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை, இடம் மூன்றையும் கலைத்துவிடுவேன். தேவைப்பட்டால் இரண்டு பேர் சொன்னதைச் சேர்த்து ஒருவர் சொன்னதாக எழுதி, அப்படிச் செய்திருக்கிறேன் என்பதையும் அறிக்கையில் சொல்வேன். ஒருவரைப் பற்றி எழுதிய பகுதியை அனுப்புமுன் அவரிடமே தமிழில் வாசித்துக் காட்டுவேன், அவர் எடுக்கச் சொன்ன வரியை எடுத்துவிடுவேன், அது எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும். குறிப்பேடும் ஒலிப்பதிவும் என்னிடமே இருக்கும், கேட்டால் தர மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவேன். இதற்கு ஒப்புக்கொள்ளாத இரண்டு வேலைகளை விட்டிருக்கிறேன். வாடகை கொடுக்கச் சிரமமான மாதத்தில்தான் விட்டேன், விடாமல் இருந்திருந்தால் தூக்கம் வந்திருக்காது.

காசு விஷயமும் சொல்ல வேண்டும், இதை யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை. கன்சல்டன்ட் என்று எடுத்தால் பி.எஃப். கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வருமான வரியாகப் பிடிப்பார்கள், வருமானம் குறைவாக இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம், நான் முதல் மூன்று வருஷம் தெரியாமல் விட்டுவிட்டேன். முன்பணம் கேட்க வெட்கப்படாதீர்கள். களத்தில் இருக்கும் நாளுக்கு மட்டும் கூலி பேசாதீர்கள், பேட்டியை எழுத்தாக்குவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும், ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க எனக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. உங்களோடு வழிகாட்டியாக வரும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் கூலியைக் கணக்கில் சேர்த்துக் கேளுங்கள், அவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத்தான் உங்களோடு வருகிறார்.

படிக்கும்போதே கோபோ டூல்பாக்ஸ் கற்றுக்கொள்ளுங்கள், இலவசம், ஃபோனில் சர்வே எடுக்க எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும். புள்ளியியலைக் கண்டு ஒதுங்காதீர்கள், எண்களோடு வருகிறவரிடம் எண்களில் பேசத் தெரிந்தால்தான் எண்ணில் வராததைப் பற்றியும் பேச விடுவார்கள். எம்.ஏ. ஆய்வேட்டை இரண்டு பக்கக் கதையாகச் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள்: என்ன கேள்வி, எங்கே போனேன், என்ன பார்த்தேன், அதனால் யார் எதை மாற்றலாம். எனக்கு முதல் மூன்று வேலையும் அந்த இரண்டு பக்கத்தால்தான் வந்தது. வடசென்னைப் பேச்சு தெரிவதை ரெஸ்யூமில் மொழி என்ற இடத்தில் தைரியமாக எழுதுங்கள். காசிமேட்டில் ஏலம் விடுகிறவர் சொல்வதை ஒரு தடவையில் புரிந்துகொள்ளும் பட்டதாரிகள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இப்போது நான் தனியாக வேலை எடுத்துச் செய்கிறேன், வாரத்தில் ஒரு நாள் வகுப்பும் எடுக்கிறேன். 2023 டிசம்பர் புயலோடு எண்ணூர் ஆற்றில் எண்ணெய் வந்து படிந்த பிறகு, ஆற்றை நம்பிப் பிழைப்பவர்களின் இழப்பைக் கணக்கெடுக்கப் பலரும் வருகிறார்கள். ஒரு கணக்கெடுப்புக்கு ஆற்றோரத்து இளம்பெண்கள் ஆறு பேருக்கு நான் பயிற்சி கொடுத்தேன். ஃபார்மை நானே தயார் செய்திருந்தேன், பெண்களின் தொழில் என்ற இடத்தில் 'கையால் இறால் பிடித்தல்' முதல் வரிசையிலேயே இருந்தது, பக்கத்தில் 'ஒரு நாளைக்கு எத்தனை கிலோ' என்று ஒரு கட்டம். எனக்கு அதில் பெருமைதான். ஆறு பேரில் சின்னவள், பிளஸ் டூ முடித்தவள், ஃபார்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தக் கேள்விக்கு எங்கம்மாவால பதில் சொல்ல முடியாது" என்றாள்.

"ஏன்?"

"நாள் கணக்கு கெடையாதுக்கா. வத்தத்துக்கு எவ்ளோன்னு கேளுங்க. சில நாளு ரெண்டு வத்தம் எறங்குவாங்க, சில நாளு ஒண்ணு, அமாவாசை பக்கம்னா வேற."

பேனாவை அவளிடம் கொடுத்தேன். 'நாளைக்கு' என்பதை அடித்துவிட்டு 'வத்தத்துக்கு' என்று எழுதி, பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டாள்: இந்த வாரம் எத்தனை வத்தம்.